காவிரிப் பாலமும் கிளச் இல்லாத காரும்

பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் பட்டு, தைலம், பிஸ்கட் டின், கைக்கடிகாரம் என்று கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோனது நாலு டின் சிவப்பு எண்ணெயும் ஒரு பொட்டலம் ரப்பர் வளையமும். இதற்காகவா கடல் தாண்டினாய் என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான்.

திருச்சி தென்னூரில் வக்கீல் தொழில் நடத்தும் என் பெரியக்கா புருஷன் எழுதிய கடிதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்க என்ஜினீயரிடமிருந்து பெரிய ஸ்டேஷன் வாகன் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். குடும்பமே படுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவு இடம். ஆனால் விற்பதற்கு முன் யாரோ அதன் கிளச் மிதியைக் கழற்றித் திருடிவிட்டார்கள். ஆகவே ஒரு கிளச் மிதி, ஒரு கிளச் பிளேட் உடனே கொண்டு வரவும். விற்றவருக்கு அமெரிக்க விலாசத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது, பதில் இல்லை.

நான் பினாங்கில் ஒரு மோட்டார் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பர். எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஸ்பானர் பிடித்துத் திருகியது கிடையாது. உறவினர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். என் சீன முதலாளிக்குக் கடிதத்தை மலாயில் சொன்னேன். மனிதர் சிரித்து முடிக்கும்வரை கடையில் வியாபாரம் நின்றது. அந்தக் காரில் கிளச்சே கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், உள்ளே ஓடும் எண்ணெயின் அழுத்தம்தான் எல்லா வேலையும் செய்கிறது, மிதி இரண்டே இரண்டு என்றார். “உன் அத்தானுக்கு ஒரு கால் அதிகம். கோளாறு அங்கே இருக்கிறது” என்று சொல்லிவிட்டு எண்ணெயையும் வளையங்களையும் ஒரு சிறு புத்தகத்தையும் அவரே கட்டிக்கொடுத்தார்.

நான் கிளம்பியது அத்தானுக்காக அல்ல. கடிதத்தின் அடியில் பெரியக்கா ராஜம் இரண்டு வரி எழுதியிருந்தாள். “கமலாவைப் பார்த்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அவளுக்கு ரொம்ப மூச்சு வாங்குகிறதாம். கார் ஓடினால் போய்ப் பார்ப்பேன்.” கமலா என் சின்னக்கா. அவள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐந்து மைலும் ஒரு காவிரியும்தான். ராஜம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு கோணலாகக் கூடிவிட்டதால் ஒரு கால் மடங்காது. பஸ்ஸிலும் ஏற முடியாது, டாக்ஸியிலும் நுழைய முடியாது. கமலாவுக்கு இருதயக் கோளாறு. வாசல்படி தாண்டக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. இந்த ஐந்து மைலைக் கடக்க வைப்பதற்கு ஒருவன் வங்காள விரிகுடாவைத் தாண்டி வர வேண்டியிருந்தது.

நாகப்பட்டினம் சுங்கத்தில் முதல் தடங்கல். அது மதுவிலக்குக் காலம். அதிகாரி ஒரு டின்னைத் திறந்து முகர்ந்தார், விரலை விட்டுப் பார்த்தார், பிறகு என் கண்களைப் பார்த்தார். இது எதற்கு என்றார். கார் குடிக்கிறது என்று நான் சொன்னது தப்பு.

“கார் குடிக்குதா, நீங்க குடிக்கிறீங்களா?”

பரிசோதனைக்கு என்று இரண்டு டின்களை எடுத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையுடன் ரசீது கொடுத்தார். பினாங்காக இருந்தால் ஒரு சிகரெட் பாக்கெட்டோடு காரியம் முடிந்திருக்கும். இவர் நேர்மையான மனிதர், அதுதான் என் துரதிர்ஷ்டம்.

ரயிலில் மணப்பாறைக்காரர் ஒருவர் மாட்டுச் சந்தைக் கதை சொல்லிக்கொண்டே முறுக்குப் பொட்டலத்தை என் மடியில் பிரித்து வைத்தார். என் பயணக் காரணத்தைக் கேட்டதும் பாட்டரிதான் போயிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். எதிர்ப் பலகைக்காரர் கார்புரேட்டர் என்றார். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் பெட்டி இரண்டு கட்சியாகிவிட்டது. பினாங்கில் படகில் இருபது நிமிஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றாலும் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே கண்ணால் பார்க்காத காருக்காக ஒரு பெரியவர் திருச்சியில் இறங்கும்போது இன்னொருவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

தென்னூர் போய்ச் சேர்ந்தது மத்தியானம். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கெட்டித் தயிர். ராஜம் கூடத்து நாற்காலியில் காலை ஒரு முக்காலிமேல் நீட்டிக்கொண்டு, இலையில் எது குறைகிறது என்று அங்கிருந்தே சமையல்காரம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தலை பாதி நரைத்திருந்தது. “இளைச்சுட்டே” என்றாள். நான் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தேன்.

கார் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த உறை போட்டிருந்தார்கள். உறையை எடுத்ததும் தெருவே வந்துவிட்டது. அத்தான் ஒரு காரியதரிசி போல விளக்கம் சொன்னார். என்ஜின் அபாரம், உறுமல் அபாரம், ஆனால் வண்டி முன்னால் நகர்வதில்லை. முதலில் மேட்டில் மட்டும் திணறியது. பிறகு சமதரையிலும் யோசித்து யோசித்துக் கிளம்பியது. இப்போது யோசிப்பதோடு சரி. பின்னோக்கி மட்டும் போகும். ஆகவே மூன்று வாரமாக அவர் கோர்ட்டுக்குப் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தார். டிரைவர் கோவிந்தன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டுவான். அத்தான் கறுப்புக் கோட்டோடு நேராக உட்கார்ந்து, தம்மைவிட்டு விலகிக்கொண்டேயிருக்கும் தென்னூருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போவார். கோவிந்தன் கழுத்து அதே பக்கம் நின்றுவிட்டது. என்னோடு பேசும்போது அவன் சுவரைப் பார்த்துப் பேசினான்.

ஸ்ரீரங்கத்துக்கும் அப்படியே போகலாமே என்று கேட்டேன். பாலத்து முனையில் போலீஸ்காரர் விடவில்லை என்றார் அத்தான். உண்மைக் காரணம் வேறு. கமலாவின் புருஷர் பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிள்காரர். கார் வந்த புதிதில் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது காவிரிப் பாலம் தாண்டாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். சகலை வாயிலிருந்து வந்த வார்த்தை. வக்கீல் அத்தான் பத்துப் பேர் முன்னிலையில் பதில் சொன்னாராம், ராஜம் உங்கள் வாசலில் இறங்கினால் இந்தக் காரில்தான் இறங்குவாள் என்று. அப்படிச் சொன்னவர் பின்னோக்கிப் போய் அங்கே இறங்க முடியுமா? அதிலிருந்து பத்து மாதம். வாத்தியார் மட்டும் மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து விசாரித்துவிட்டுப் போவார். இருவரும் காரைப் பற்றிப் பேசுவதில்லை. காவிரியில் தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

மறுநாள் பாலக்கரையிலிருந்து மெக்கானிக் சவரிமுத்து வந்தார். மாதா கோயில் பூசை முடித்து நேரே வந்த மனிதர். மூன்று நாள் காருக்கு அடியில் படுத்துக் கிளச்சைத் தேடியவர் அவர்தான். மிதியோடு கிளச்சும் திருட்டுப் போயிருக்கிறது என்பது அவர் முடிவு. புத்தகத்தைக் காட்டி, இல்லாத பொருளைத் தேடியிருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“கிளச் இல்லேன்னு யாராவது முதல்லயே சொல்லியிருந்தா, வேற எதையாவது தேடியிருப்பேன் சார்.”

கியர் எண்ணெயை அளக்க என்ஜின் பக்கத்தில் இரண்டாவதாக ஓர் அளவுகோல் இருக்க வேண்டுமே என்றேன். இருந்தது. ஒரு என்ஜினுக்கு இரண்டு எதற்கு என்று ஒன்றைக் கழற்றிவிட்டார்களாம். துளையில் துணி சுற்றிய கட்டை அடித்து வைத்திருந்தது. அளவுகோல் கொல்லையில் மல்லிகைக்கொடிக்கு ஊன்றிக் கொடுக்கப்பட்டிருந்தது. கொடி நன்றாகத்தான் ஏறியிருந்தது.

அதைத் துடைத்து விட்டுப் பார்த்தால், நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. பத்து மாதத்தில் அவ்வளவு எண்ணெயும் எங்கே போனது? ஒழுகியிருந்தால் தெரிந்திருக்குமே, தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது என்று மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். சவரிமுத்து தினமும் குனிந்து பார்த்ததாகச் சொன்னார். நானும் குனிந்து பார்த்தேன். கறுப்பாக ஒன்றும் இல்லைதான்.

மூன்றாம் நாள் காலை கார் கோர்ட்டுக்கு ஒரு நடை போய் வந்து நின்றது. சமையல்காரம்மா தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தியைக் கொண்டுவந்து காருக்குச் சுற்றி வாசலில் கொட்டினாள். ராஜத்தின் ஏற்பாடு இது. தெருவே கண் வைக்கிற கார், திருஷ்டி படாமல் இருக்குமா? ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் சுற்றினார்கள். கார் திணறத் தொடங்கியதும் தினம் ஒருமுறை. முன்னால் போக மறுத்ததும், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வாசல் எப்போதும் சிவப்பாகவே இருந்தது.

நான் காபி டம்ளரோடு காரைச் சுற்றிக்கொண்டு வந்தவன் வழுக்கி விழுந்தேன். காபி சட்டையில். முழங்கை சிவப்பில். துடைத்தால் போகவில்லை, பிசுபிசுத்தது. முகர்ந்தேன். மஞ்சள் வாசனை இல்லை, கருகல் வாசனை. நான் விழுந்த இடம் காருக்கு முன்னால் அல்ல, வயிற்றுக்கு அடியில்.

சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு, ஆரத்தியைக் காருக்கு அடியிலா கொட்டுவீர்கள் என்று கேட்டேன். முன்னாலே மட்டும்தான் என்றாள். அப்படியானால் இது என்ன என்றேன். அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் அப்போதுதான் வந்து நின்ற சவரிமுத்துவைப் பார்த்தார். கோவிந்தன் சுவரைப் பார்த்தான். நாகப்பட்டினத்தில் மிஞ்சிய டின்னில் ஒன்றைத் திறந்து பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டேன். ஒரே சிவப்பு. பத்து மாதமாகக் கார் எல்லோர் கண்ணெதிரிலும் தன் எண்ணெயைக் கொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்த ஒவ்வொருவரும் ஆரத்தி என்று நிமிர்ந்துவிட்டார்கள். எண்ணெய் குறையக் குறையக் கார் திணறியது, திணறத் திணற ஆரத்தி கூடியது, ஆரத்தி கூடக் கூட எண்ணெய் மறைந்தது. அமெரிக்காக்காரன் எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டபோது தென்னூரை நினைத்துப் பார்க்கவில்லை.

அத்தான் குனிந்து இரண்டு சிவப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, நோட்டீஸில் இதையும் சேர்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

அன்று பிற்பகல் ராஜத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். நீட்டி உட்கார ஒரு மாட்டுவண்டி போதுமே, ஏன் இத்தனை மாதம் என்று கேட்டேன்.

“போகலாந்தான் தம்பி. ஆனா இந்தக் காரை அவர் எனக்காகத்தான் வாங்கினார். காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போவேன்னு, மெத்தைகூடத் தைக்கக் கொடுத்தார். அதை வாசல்ல விட்டுட்டு நான் வண்டியில ஏறினா அவர் முகத்தை எப்படிப் பார்க்கிறது?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

நாலாம் நாள் நான்கு பேர் தள்ளி, கார் பாலக்கரைக்குப் போனது. உண்மையில் ஐம்பது பேர் தள்ளினார்கள். பினாங்கில் கார் நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். இங்கே சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு வந்து தோள் கொடுக்கிறார்கள், கொடுத்துக்கொண்டே யோசனையும் சொல்கிறார்கள். காந்தி மார்க்கெட் கூலிக்காரர் ஒருவர் முதுகு கொடுத்ததில்தான் கடைசி மேடு ஏறியது.

எதைத் தேடுவது என்று தெரிந்தபின் சவரிமுத்து வேறு மனிதராக இருந்தார். பின்சக்கரத்துக்கு ஓடும் தண்டு கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதை நோகாமல் பெயர்த்து, புதியதை மரத்துண்டு வைத்துத் தட்டித் தட்டி உட்கார வைத்தார். சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. எண்ணெய் அளக்கும்போதுதான் தகராறு. சூடான என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. ஓடுகிற என்ஜினில் எண்ணெய் அளப்பது அவர் மானத்துக்கு இழுக்கு. கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டு அளந்தார். இரண்டு டின்னும் ஊற்றிய பிறகும் அளவு, கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. மற்ற இரண்டு டின்னும் நாகப்பட்டினத்தில் பரிசோதனையில் இருந்தன. அந்த எண்ணெய் திருச்சியில் எந்தக் கடையிலும் இல்லை.

ஆனால் கார் முன்னால் நகர்ந்தது. பாலக்கரை கைதட்டியது. அத்தான் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

வீடு திரும்பினால் வாத்தியார் அத்தான் காத்திருந்தார். நெற்றியில் நாமம், வேட்டியில் சைக்கிள் கிளிப். அன்றைக்குக் காவிரித் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. நேற்றிலிருந்து கமலாவுக்குப் படுக்கவே முடியவில்லை, உட்கார்ந்தபடியே இருக்கிறாள், ராஜம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். ஒரு வண்டி பேசி அனுப்பட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

“வேண்டாம். நாளைக்குக் காலையில கார்ல வரோம்” என்றார் வக்கீல் அத்தான்.

எண்ணெய் குறைவு, மேட்டில் நின்றுவிடலாம் என்று நான் சொன்னேன். ஒரு விரல்தானே என்றார். வாத்தியார் சைக்கிளை எடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை ராஜத்தைத் தூக்கிக் காரின் பின்பக்கத்தில் அந்த மெத்தையில் கிடத்தினோம். கால் நீள, தலை என்ஜின் பக்கம், முகம் பின்னால் திறந்திருந்த கதவைப் பார்த்து. கார் தென்னூரிலிருந்து முன்னோக்கிக் கிளம்பியதைத் தெரு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பழக்க தோஷத்தில் கோவிந்தன் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்து ஓட்டினான். சத்திரம் தாண்டினோம். சிந்தாமணி தாண்டினோம். ராஜம் பின்பக்கமாக ஓடும் கடைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றேகால் வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் ஒரு வேப்பமரம்.

பாலத்து ஏற்றத்தில் கார் ஒரு கணம் யோசித்தது. மேட்டில் எண்ணெய் பின்னால் ஒதுங்கும், குறைவாக இருந்தால் உறிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது என்று புத்தகத்தில் எழுதியிருந்தது அப்படியே நடந்தது. உறுமல் மட்டும் வானத்துக்கு எழும்ப, கார் பாலத்தின் வாயில் நின்றுவிட்டது. கோவிந்தன் அத்தானைக்கூடப் பார்க்கவில்லை, மிதியை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தான்.

அத்தான் இறங்கித் தள்ளச் சொன்னார். நானும் தள்ளினேன், அவரும் கோட்டோடு தள்ளினார், வழிப்போக்கர்கள் தள்ளினார்கள். நாலடி போகும், இரண்டடி திரும்பும். பின்னால் பஸ்ஸும் சைக்கிளும் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் முன்னால், கார் கதவுக்கு நேர் பின்னே, ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரர் பாலத்தை மறித்த பெரிய மனுஷர்களைப் பற்றிச் சுருக்கமாக ஒரு கருத்துச் சொன்னார். ராஜத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு ஜோடி மாட்டுத்தலைதான் இருந்தது.

“எங்கே போறீங்க?” என்று அவரைக் கேட்டாள்.

“திருவரங்கத்துக்கும்மா. மார்க்கெட்ல வாழைத்தார் இறக்கிட்டு வெறும் வண்டிதான் போகுது.”

ராஜம் என்னைக் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. “என்னை அதுல தூக்கி வை தம்பி. கமலா உட்கார்ந்துக்கிட்டிருக்கா.”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் இரண்டு கையும் காரின் முதுகில் வைத்தபடி நின்றார். கோட்டு அக்குளில் கிழிந்திருந்தது. எதிர்வாதம் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவர் கோட்டைக் கழற்றினார், மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். “காலைப் பார்த்துப் பிடிங்க” என்று என்னிடம் சொன்னார். மெத்தையோடு அக்காவை வாழைச் சருகுமேல் வைத்தோம்.

வண்டியில் இடம் இருந்தும் அத்தான் ஏறவில்லை. காரைக் கோவிந்தனிடம் விட்டுவிட்டு, குடையை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். பாலம் முழுக்க, மாம்பழச் சாலை முழுக்க, திருவானைக்கோயில் தாண்டியும் நடந்தார். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. வழியில் ராஜம் பேசியது ஒரே ஒரு தடவை. மெதுவாக ஓட்டும்படி வண்டிக்காரரிடம் சொன்னாள்.

வடக்குவாசல் பக்கத்தில் கமலா வீட்டு வாசலில் வாத்தியார் அத்தான் நின்றுகொண்டிருந்தார். மாடு, சருகு, மெத்தை, முழங்கால்வரை புழுதியோடு சகலை என்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். இறங்கி வந்து மெத்தையின் இன்னொரு முனையைப் பிடித்தார்.

கமலா சுவரில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள். ராஜத்தை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். கமலா தன் அக்காவின் முகத்தைத் தடவினாள். மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

“கார்லதானே வந்தே?”

ராஜம் தன் புருஷனைப் பார்க்கவில்லை. “ஆமா. கார்லதான்” என்றாள்.

வக்கீல் அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார். “நான்தானே போய்க் கதவைத் திறந்துவிட்டேன். பாலத்துல ஒரு குலுக்கல் இல்லையாம்” என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், சொல்லும்போது உத்தரத்தைப் பார்த்தார்.

வாசலில் மாட்டின் கழுத்துமணி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கமலா அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“அப்போ வாசல்ல நிக்கிற காருக்கு ரெண்டு பிடி வைக்கோல் போடச் சொல்லுங்க.”

முதலில் சிரித்தது வக்கீல் அத்தான்தான். பிறகு வாத்தியார் சிரித்தார், நானும் சிரித்தேன். அக்காவும் தங்கையும் சிரிக்கவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.